முன்னோடிக் குடும்பம் ஆவது எப்படி?

மலேசியாவின் ஈப்போவைப் பற்றி அச்சாகும் பளபளப்பான புத்தகம் எதைப் புரட்டினாலும் கதை ஒன்றுதான். ஒருவர் வெறுங்கையோடு கப்பலைவிட்டு இறங்குவார். காட்டுக்குள் போவார். காய்ச்சல் வரும், பிழைத்துக்கொள்வார். மண்ணைக் கிளறினால் ஈயம். அடுத்த பக்கத்தில் பங்களா, அதற்கடுத்த பக்கத்தில் குதிரை வண்டி, அப்புறம் அவர் பெயரில் ஒரு தெரு. கடைசிப் பக்கத்தில் பேரப்பிள்ளைகள் லண்டனிலிருந்தோ பெர்த்திலிருந்தோ வந்து அந்தத் தெருப் பலகைக்குக் கீழே நின்று எடுத்துக்கொண்ட வண்ணப்படம். இதற்குப் பெயர் முன்னோடிக் குடும்ப வரலாறு.

எங்கள் ஊர் செமோர், ஈப்போவுக்கு வடக்கே பத்து மைல். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களில் நாலு தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்கள் இங்கே உண்டு. வந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. அவர்களும் வெறுங்கையோடுதான் இறங்கினார்கள். காட்டுக்குள் போனார்கள், காய்ச்சலும் வந்தது, சில பேர் பிழைத்தார்கள். முதல் பக்கம் அச்சு அசலாகப் பொருந்துகிறது. இரண்டாம் பக்கத்தைத்தான் யாரோ கிழித்துவிட்டார்கள். செத்த பிறகாவது முன்னோடி ஆக ஆசைப்படும் தோட்டத்து ஆவிகளுக்காகச் சில குறிப்புகள் எழுதலாமென்று உட்கார்ந்தேன். கட்டணம் இல்லை.

முதலில் ஒரு கோட்டை கட்டுங்கள். முடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்து காஜாவுக்குப் பக்கத்தில் வில்லியம் கெல்லி ஸ்மித் முடிக்கவேயில்லை. ஸ்காட்லாந்திலிருந்து இளவட்டமாக வந்த மனிதர், கிந்தா கெல்லாஸ் என்று தோட்டம் போட்டார், மாளிகை எழுப்புவதற்கு மதராஸ் பக்கத்திலிருந்து ஆட்களை இறக்கினார். வேலை பாதியில் இருக்கும்போது ஸ்பானிஷ் காய்ச்சல் ஆட்கள் குடியிருந்த லயத்துக்குள் புகுந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் ஆத்தாளுக்கு ஒரு கோவில் வேண்டும் என்றார்கள். துரை கட்டிக்கொடுத்தார். நம் ஆட்கள் நன்றி மறப்பார்களா? வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகத் துரையையே சுதையில் செய்து, சாமிகளுக்குப் பக்கத்தில் கூரைமேல் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறார். கல் சுமந்து செத்தவன் கூரைமேலும் இல்லை, கருவறையிலும் இல்லை, கல்வெட்டிலும் இல்லை.

துரை 1926 டிசம்பரில் லிஸ்பனில் நிமோனியா கண்டு போய்ச் சேர்ந்தார். மாளிகை அரைகுறையாக நின்றது. அந்த அரைகுறைக்கு இப்போது நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். ராத்திரி வேளையில் துரையின் ஆவி தாழ்வாரத்தில் உலவுகிறது என்று கதை சொல்லிக் கூட்டம் சேர்க்கிறார்கள். காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்த தமிழன் ஒருத்தன்கூட அங்கே பேயாக வரக்காணோம். அத்தனை பேர் செத்த இடத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் மட்டும் தனியாக உலவிக்கொண்டிருக்கிறார். அவர் இறந்ததோ போர்ச்சுகலில். பேயாவதற்கும் இந்தச் சீமையில் பங்களா வேண்டும் போலிருக்கிறது.

கோட்டை கட்ட வசதியில்லையா? கொலையாகலாம். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பிர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் ஆற்றங்கரைக் குளியலறையில் ஈட்டியால் குத்தப்பட்டுச் செத்தார். ஆண்டது ஒரு வருஷம். அதற்கு 1909-ல் ஈப்போ நடுவில் மணிக்கூண்டு. சரி, கொலையாக விருப்பமில்லை என்றால் கொல்லவும் செய்யலாம். அந்தக் கொலைக்காக 1877-ல் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோர் பெயரிலேயே மணிக்கூண்டு நிற்கும் தெரு இருக்கிறது. அவரோடு தூக்கிலேறிய மகாராஜா லேலாவுக்கும் தெருப்பெயர் உண்டு. குத்தியவருக்குத் தெரு, குத்துப்பட்டவருக்குக் கூண்டு. இதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை, மண்ணுக்காகக் குத்தியவரை மண் நினைவில் வைத்திருப்பது நியாயம்தான். நான் கேட்பது வேறு. அந்தக் கூண்டைச் சுற்றி உலக நாகரிகத்தை வளர்த்தவர்கள் என்று 44 உருவங்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். மோசஸ் உண்டு, புத்தர் உண்டு, கன்பூசியஸ் உண்டு, ஷேக்ஸ்பியர் உண்டு. நாலு மூலையிலும் நாலு பெண்சிலைகள். விசுவாசம், நீதி, பொறுமை, மனவுறுதி என்று பிரிட்டிஷ் ஆட்சியின் நற்குணங்களாம். பொறுமைக்கு மாடல் வேண்டுமென்றால் செமோருக்கு ஒரு வண்டி அனுப்பியிருக்கலாம். நாலரை மணிக்குப் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு இருட்டில் நிற்கிற எந்தப் பெண்ணையாவது ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். விசுவாசத்துக்கும் அவளே போதும். நீதிக்கு மட்டும் வெளியில் ஆள் பார்க்கவேண்டியிருந்திருக்கும்.

பணம் இருந்தாலும் முன்னோடி ஆகலாம் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்து ஈயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்து போனது, அதில் பெரும்பங்கு இந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கினுடையது. லியோங் ஃபீ, ஃபூ சூ சூன், யூ தோங் சென் என்று ஈய ராஜாக்கள் எழுந்தார்கள். 1893-ல் லியோங் ஃபீ தொடங்கிய ஹக்கா முதலாளிகளின் கிளப் இன்று அருமையான காட்சிக்கூடம். முதலாளிகள் கெட்டிக்காரர்கள், மறுக்கவில்லை. ஆனால் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு பங்கு அபினில் இருந்தது. கூலிக்கு அரிசியும் அபினும் சுரங்கத்துக் கடையிலேயே கடனுக்குக் கொடுத்து, கணக்கு முடிக்கிற நாளில் அவன் கையில் ஒன்றும் மிஞ்சாமல் பார்த்துக்கொண்டார்கள். ஊரிலிருந்து வந்தவன் ஊர் திரும்பவில்லை. அவன் மகள் பழைய ஈயக்குட்டையில் முட்டளவுத் தண்ணீரில் குனிந்து நின்று, துலாங் தட்டைச் சுழற்றிச் சுழற்றிக் கருமணலைப் பிரித்து வயிறு கழுவினாள். அந்தக் கிழவியின் பேரனும் பெர்த்திலிருந்து வந்து படம் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த விஷயத்தில் சீனக் கிழவிக்கும் நம் கிழவிக்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டு பேரும் ஒரே அலமாரியில் இல்லை.

நம் ஆட்கள் சுரங்கத்துக்குள் அவ்வளவாகப் போகவில்லை, உண்மை. தண்டவாளம் போட்டார்கள், சாலை போட்டார்கள், கால்வாய் வெட்டினார்கள், ஊர்க் கழிவை வாளியில் சுமந்தார்கள். ஈயம் துறைமுகம் போய்ச் சேர்ந்தது அந்தத் தண்டவாளத்தில். பிறகு ரப்பர் விலை ஏறியது. 1900-க்குப் பிந்திய பத்துப் பதினைந்து வருஷத்தில் காடு அத்தனையும் கித்தாத் தோட்டமாக மாறியது. வடாற்காட்டிலும் சேலத்திலும் தஞ்சாவூரிலும் கங்காணி பட்டுச் சட்டையோடு வந்து, அங்கே மரத்தடியில் காசு காய்க்கிறது என்றான். வந்து பார்த்தால் மரம் இருந்தது. காய்த்த காசு லண்டனில் பங்குதாரர் மடியில் விழுந்தது. கங்காணிக்கும் தலைக்காசு உண்டு. தன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்குப் பெரட்டுக்கு வந்தார்களோ, அத்தனை தலைக்குச் சில காசு. விடிகாலையில் நம்மவன் எழுந்து நிற்பதிலேயே இன்னொருவனுக்கு வருமானம்.

பால் வெட்டுவதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கூலிவேலை இல்லை, தச்சுவேலைக்கு மேலே ஒரு படி. நெற்றியில் விளக்கு. முந்தின நாள் கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை இழுத்துக் கூடையில் போடவேண்டும். உளியைச் சாய்த்து, பழைய வெட்டை ஒட்டி, காகிதம் அளவுக்குப் பட்டையைச் சீவவேண்டும். கொஞ்சம் மேலோட்டமாகப் போனால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம், கணக்கெழுதும் கிராணியின் நோட்டில் பெயர். பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓடவேண்டும். வெயில் ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கான மரம். மழை பிடித்தால் அத்தனையும் கழுவிக்கொண்டு போகும், கூலியும் சேர்ந்து. அப்புறம் காண்டாக் கம்பில் இரண்டு வாளி தொங்கவிட்டு, வழுக்கும் மேட்டில் பால் ஸ்டோர் வரைக்கும் நடை. அங்கே தராசு இருக்கும். தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையதோ, கணக்கும் அவருடையது. கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில் கத்திக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் 1920களின் கடைசியில் சர்க்கார் உட்கார்ந்து நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விலை சரிந்த 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் அதையும் வெட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். ரப்பர் விலை ஏறினால் தொழிலாளி, இறங்கினால் விருந்தாளி. விருந்தாளி எப்படி முன்னோடி ஆவான்?

ஈயமும் ரப்பரும் மட்டமான சரக்கு, பொன் தோண்டியிருந்தால் மரியாதை கிடைத்திருக்கும் என்று யாராவது ஏங்கினால், அவர்கள் கோலாருக்கு ஒரு நடை போய் வரட்டும். அதே வடாற்காட்டுச் சேரிகளிலிருந்து அண்ணன் கப்பலேறி இங்கே வந்தான், தம்பி ரயிலேறி அங்கே போனான். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் சுரங்கம் தொடங்கியது. 1902-ல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. நம் ஆட்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். பாறை வெடித்துச் செத்தார்கள், மேலே வந்தவர்கள் நுரையீரலில் கல்தூசியோடு செத்தார்கள். 800 டன் பொன்னைத் தூக்கிக் கொடுத்த பிறகு, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த ஊரின் பெயரை வைத்து வந்த சினிமாவின் இரண்டாம் பாகம் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. ஊரில் மிஞ்சியிருப்பது சயனைடு மண்மேடு. காற்றடித்தால் தெருவுக்குள் வரும். முன்னோடிக் குடும்பம் என்று அங்கேயும் டெய்லர் வகையறாவைத்தான் சொல்கிறார்கள்.

இங்கே திரும்புவோம். ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்துக்கு லாரி வந்தது, பெரட்டில் நின்றவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு சயாமுக்குப் போனது. பல்லாயிரம் தமிழர்கள் ஜப்பான்காரன் அங்கே போடவைத்த ரயில் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் அழிந்தார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை, புல் கத்தரித்து, பெயர் பொறித்து, பூ வைத்து. பார்க்க அழகாக இருக்கும். நம்மவனுக்குக் குழி தோண்டியவனும் அடுத்த வாரம் அதே குழியில். பிறகு கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம். 1948 ஜூன் 16-ஆம் தேதி, செமோருக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் துரைகள் சுடப்பட்டார்கள். வாக்கர், அலிசன், கிறிஸ்டியன். மூன்று பெயரையும் எழுத எங்கும் தேடவேண்டியிருக்கவில்லை. வருஷா வருஷம் பத்து காஜா கல்லறைத் தோட்டத்தில் ஜூன் மாதம் நினைவுகூரல் நடக்கிறது. நடக்கட்டும், செத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துவதில் தப்பில்லை. சயாமுக்குப் போய்த் திரும்பாத செமோர்க்காரர்களில் மூன்று பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் யாரைக் கேட்பது? தோட்டத்து ஆள்கணக்கான செக்ரோல் புத்தகத்தில் பெயர் இருந்தது. கம்பெனி கைமாறியபோது அது எந்த லாரியில் போனதோ.

சுதந்திரம் வந்தது. பால் வெட்டியவனுக்கு, குடியுரிமை இல்லாதவன் என்று காட்டும் சிவப்பு அடையாளக் கார்டு வந்தது. இங்கேயே பிறந்தேன் என்றால், காகிதம் எங்கே என்றார்கள். மருத்துவச்சி கையில் லயத்தில் பிறந்தவனுக்கு எவன் காகிதம் கொடுப்பான்? 1968-ல் வேலை அனுமதிச் சட்டம் போட்டார்கள். நாற்பது வருஷம் அதே நிரையில் வெட்டியவன் திடீரென்று அனுமதி கேட்டு வரிசையில் நின்றான். ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு, பார்த்தேயிராத ஊருக்குத் "திரும்பி"ப் போனார்கள்.

வெள்ளைக்காரனையும் சர்க்காரையும் திட்டிவிட்டு நம் வீட்டுத் திண்ணையைக் கடந்து போவது பத்திரமான வழி. பலர் அப்படித்தான் கட்டுரை எழுதிப் பொன்னாடை வாங்குகிறார்கள். துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-ல் கூட்டுறவுச் சங்கம் கண்டு, மாதம் 10 வெள்ளி என்று தொழிலாளியிடமே சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அந்த ஒரு மனிதருக்குக் கும்பிடு போட்டுவிடலாம். அடுத்து வந்த கதையைப் பாருங்கள். 1982-ல் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டுக் கம்பெனி. சமுதாயத்தை முதலாளி ஆக்கப்போகிறோம் என்று தோட்டம் தோட்டமாக மேடை போட்டார்கள். தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. ஏறக்குறைய 66,000 பேர், பத்துக்கோடி வெள்ளிக்கும் மேலே திரண்டது. 28 வருஷம் காத்திருந்து, 2010-ல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு விலை பேசினார்கள். 1982-ல் ஒரு வெள்ளிக்கு என்ன வாங்கலாம், 2010-ல் 80 காசுக்கு என்ன வாங்கலாம் என்று எந்த மளிகைக்கடைக்காரரும் சொல்வார். கெல்லி ஸ்மித்தாவது ஒரு கோவில் கட்டிக்கொடுத்தார்.

கோவில் என்றதும் இன்னொன்று. தோட்டம் விற்றதும் ரப்பர் போனது, செம்பனை வந்தது. செம்பனையும் போய், தாமான் என்ற வீட்டுமனைக் குடியிருப்பு வந்தது. லயத்தை இடித்தார்கள். பள்ளிக்கூடம் மிஞ்சியது சில இடத்தில். செமோரில் ஸ்ட்ராத்திஸ்லா தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஸ்காட்லாந்துப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயரை நம் பிள்ளைகள் நோட்டுப்புத்தகத்து அட்டையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். துரை போய், தோட்டம் போய், துரையின் ஊர்ப்பெயர் மட்டும் தமிழ்ப்பள்ளியின் தலையில். கோவிலும் மிஞ்சும் சில இடத்தில். உடனே ஒரு கடிதம் வரும், இந்தக் கட்டுமானம் தனியார் நிலத்தில் அத்துமீறி நிற்கிறது என்று. காட்டை வெட்டியவன் நட்ட சூலம் அத்துமீறல். காட்டை வெட்டச் சொன்னவனிடமிருந்து வாங்கியவனிடமிருந்து வாங்கியவன் நில உரிமையாளன். முன்னோடிக் குடும்பம் என்று நிரூபிக்க ஆவணம் கேட்கிறார்களே, அந்தக் கடிதத்தையே நகலெடுத்துக் கொடுக்கலாம் என்பது என் ஆலோசனை. அத்துமீற வேண்டுமானால் முதலில் அங்கே இருந்திருக்க வேண்டும் இல்லையா?

இந்த மாநிலத்தில் எதற்கும் மரியாதை இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். தஞ்சோங் துவாலாங்கில் 1938-ல் கட்டிய, ஈயம் தோண்டும் கப்பல் ஒன்றை, 4,500 டன் இரும்பை, வர்ணமடித்து வைத்திருக்கிறார்கள். 1985-ல் லண்டனில் ஈயச் சந்தை கவிழ்ந்த பிறகு கிந்தாவில் சோறில்லாமல் போனவர்களுக்குத்தான் வர்ணமடிக்க ஆளில்லை. எங்கள் ஊர் காந்தான் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுக்காக வருஷக்கணக்காக வெட்டித் தின்கிறார்கள். அந்தச் சுண்ணாம்பு மலையில் மட்டும் வாழும் ஒரு நத்தையை 2014-ல் விஞ்ஞானிகள் கண்டெடுத்து, மலையை வெட்டிக்கொண்டிருந்த லாஃபார்ஜ் கம்பெனியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். சாரோபா லாஃபார்ஜி. அழியப்போகிறவனுக்கு அழிக்கக்கூடியவன் பெயர். நல்ல காரியம், நத்தைக்காவது சர்வதேசப் பட்டியலில் இடம் கிடைத்தது. அரிய உயிர், அழிவின் விளிம்பில் இருக்கிறது என்று பதிவாகிவிட்டது. மலைக்குக் கீழே மூன்று தலைமுறையாகத் தூசி தின்னும் மனித ஜாதிக்கு இன்னும் பதிவு ஆரம்பிக்கவில்லை. நத்தை அளவுக்கு நாம் அரிதாகவில்லை, அதுதான் காரணமாக இருக்கவேண்டும். கவலை வேண்டாம், நம் தமிழ்ப்பள்ளிகளில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தத் தகுதியும் சீக்கிரம் வந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு, எங்களை யாருமே முன்னோடி என்று சொன்னதில்லை என்றால் அது பொய்யாகும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சொல்கிறார்கள். பொதுத்தேர்தல் அறிவிப்பு வந்த வாரம் மண்டபத்தில் மேடை, மாலை, ஒலிபெருக்கி. "இந்தியச் சமுதாயம் இந்நாட்டை உருவாக்கிய முன்னோடி" என்று வேட்பாளர் தமிழில் ஒரு வரி மனப்பாடம் செய்துகொண்டு வந்து சொல்வார். வணக்கத்தை மட்டும் பிழையில்லாமல் சொல்வார். முன்வரிசையில் நம் பிரமுகர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். பால் வெட்டி விரல் கோணிப்போன ஒரு பாட்டியை மேடைக்கு அழைத்து, கையில் 10 கிலோ அரிசி மூட்டையைக் கொடுப்பார்கள். பாட்டியால் தூக்க முடியாது. வேட்பாளரும் பிரமுகரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வார்கள். மூட்டையின் மேல் வேட்பாளரின் முகம் அச்சடித்திருக்கும். படம் மறுநாள் பத்திரிகையில் வரும். கீழே வேட்பாளர் பெயர், பிரமுகர் பெயர், தொகுதிச் செயலாளர் பெயர் எல்லாம் பட்டத்தோடு இருக்கும். பாட்டிக்கு, "உடன் ஒரு மூதாட்டி."